ஒற்றன் இறந்த பின் அவன் ஏடுகள்

அரசாங்கங்கள் ஒற்றர்களை வைத்துக்கொள்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. திருக்குறளில் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் அமைந்திருக்கிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனின் செய்தியோடு ஒத்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்னும் நெறி அதில் கூறப்பட்டுள்ளது. அந்நெறி அரசனுக்காகச் சொல்லப்பட்டது. ஆயினும், அரசனும் ஒற்றனும் மறைந்து ஏடுகள் மட்டுமே எஞ்சியிருக்கும் காலத்தில், சரித்திரம் எழுதப் புகுவோர்க்கும் அதுவே நெறியாகிறது. ஒத்துப் பார்க்க வேண்டுமானால் ஏடுகள் கைக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் செய்வது யாது?

மலாயாவின் சரித்திரத்தில் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புபவர் லாய் டெக். அவர் 1939 முதல் 1947 வரை மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளர். அதே காலத்தில் பிரிட்டிஷாருக்கும், பின்னர் ஜப்பானியருக்கும், போர் முடிந்ததும் மறுபடியும் பிரிட்டிஷாருக்கும் உளவு சொன்னவர். இந்நாட்டுக்கு வருமுன் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னவர். ஆயுதப் புரட்சியை இலட்சியமாகக் கொண்ட ஓர் இயக்கத்தின் தலைவரே அதன் பகைவருக்குக் கையாளாக இருந்தார் என்பது உலக வரலாற்றிலேயே அரிய செய்தியாகும். அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவரைப் பற்றிய அரசாங்க ஏடுகளைக் கேட்போருக்குச் சில கிடைக்கின்றன, பல கிடைப்பதில்லை. அதற்குரிய காரணங்களை ஆராய்வது பயனுடையது.

பெயர் தெரியாத தலைவர்

லாய் டெக் என்பது அவருடைய இயற்பெயரன்று. வியட்நாமியரான அவருக்குப் பற்பல புனைபெயர்கள் இருந்தன. 'ரைட்' என்றும் 'சாங் ஹோங்' என்றும் ஏடுகளில் வழங்கப்படுபவர் அவரே. உண்மைப் பெயர் இன்னது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமுகப்படவில்லை. பிரெஞ்சு இரகசியப் போலீஸாரிடம் பணி செய்து, அங்கே வேடம் கலைந்தபின் பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1934-ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரை அடைந்தார் என்பதே பெரும்பான்மையோர் ஒப்பும் செய்தி.

அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஐந்தே ஆண்டுகளில் ஒரு கட்சியின் தலைமையைக் கைப்பற்றியது எவ்வாறு? அதற்கு விடை முன்னிகழ்ந்த சம்பவங்களில் இருக்கிறது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் தோன்றியது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில், அனைத்துலகக் கம்யூனிஸ்டு அமைப்பின் தூதராக வந்த ஜோசப் டுக்ரூ என்னும் பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் கைதானார். அவரிடம் அகப்பட்ட குறிப்புகளைத் தொடர்ந்து, பிற்காலத்தில் ஹோ சி மின் என உலகம் அறிந்த தலைவர் ஹாங்காங்கில் பிடிபட்டார். ஷாங்காயில் இருந்த மேலிடத் தொடர்பும் குலைந்தது. அதனால், "நான் மேலிடத்தின் பிரதிநிதி" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், அதைச் சரிபார்க்க மலாயாக் கட்சிக்கு வழியில்லாமற் போயிற்று. லாய் டெக் அப்படித்தான் வந்தார். அவருக்கு இடையூறாக நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போலீஸாரிடம் சிக்கி நாடு கடத்தப்பட்டனர். அவருக்கு மட்டும் ஒன்றும் நேரவில்லை. கட்சியினர் அதை அவருடைய சாமர்த்தியம் என்று எண்ணினர்.

பத்துமலையில் நடந்தது

பத்துமலை என்றதும் தமிழருக்குத் தைப்பூசமே நினைவுக்கு வரும். அவ்வட்டாரத்தில் 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி விடியற்காலையில் நிகழ்ந்தது வேறு. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிய படையின் தலைவர்களும் கட்சிப் பிரதிநிதிகளும் இரகசியக் கூட்டத்திற்காக அங்கே கூடியிருந்தனர். ஜப்பானியத் துருப்புகள் அவ்விடத்தைச் சூழ்ந்துகொண்டன. கொல்லப்பட்ட தலைவர்கள் 18 பேர் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. கூட்டத்தைக் கூட்டிய பொதுச் செயலாளர் மட்டும் அங்கு இல்லை. வழியில் மோட்டார் வண்டி பழுதாகிவிட்டது என்று அவர் பின்னர் காரணம் கூறினார்.

இதன் மறைபொருள் என்ன? சிங்கப்பூர் வீழ்ந்த மறு மாதமே, அதாவது 1942 மார்ச்சில், லாய் டெக் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெய்த்தாயிடம் பிடிபட்டிருந்தார். உயிர் தப்புவதற்காக அவர்களுக்கு உளவு சொல்ல இசைந்து விடுதலையானார். கட்சியின் உயர்மட்டம் ஒரே நாளில் அழிந்தது. அதன்பின் அவருடைய சொல்லை எதிர்த்துக் கேட்கத்தக்க மூத்தவர்கள் மிகச் சிலரே எஞ்சினர்.

1943-ஆம் ஆண்டு இறுதியில் பேராக் காட்டில் பிலாந்தான் என்னுமிடத்தில் ஜான் டேவிஸ், ரிச்சர்ட் புரூம் முதலிய பிரிட்டிஷ் அதிகாரிகளோடு கட்சி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கட்சியின் சார்பில் 'சாங் ஹோங்' என்ற பெயரில் அதில் கலந்துகொண்டவர் லாய் டெக். அதாவது, ஜப்பானியரை ஒழிக்கச் செய்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் ஜப்பானியரின் உளவாளி. அவ்விடத்தில் உடனிருந்த இளைஞர் சின் பெங், நான்கு ஆண்டுகளுக்குள் அவருடைய இடத்திற்கு வரப்போகிறவர்.

போர் முடிந்ததும் சந்தேகம் தலைகாட்டியது. 1945-ஆம் ஆண்டிலேயே பினாங்குச் சீனப் பத்திரிகை ஒன்றில் குற்றச்சாட்டு வெளியாயிற்று. கட்சியினர் அதை நம்பவில்லை. பின்னர் பணக் கணக்கிலும் நடத்தையிலும் முரண்பாடுகள் வெளிப்பட்டன. 1947 மார்ச்சில் விளக்கம் கேட்பதற்காகக் கூட்டிய கூட்டத்திற்கு அவர் வரவில்லை. கட்சிப் பணத்தோடு தலைமறைவானார். அதே ஆண்டில் பேங்காக் நகரில் கொல்லப்பட்டார். 1948-ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்சி அவருடைய துரோகத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு மாதத்திற்குள் அவசரகாலம் பிறந்தது.

மூன்று அரசாங்கங்கள், மூன்று வகை ஏடுகள்

இம்மனிதரைப் பற்றி எழுத விரும்புவோர் எங்கே செல்ல வேண்டும்? பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் ஏடுகள் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் ஏடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. போர்க்காலத்தில் காட்டில் பணிபுரிந்த 136-ஆம் படையினரின் ஏடுகளும் அங்கேதான் உள்ளன. ஜப்பானியத் தரப்பிலோ, சரணடைந்த சமயத்தில் கெம்பெய்த்தாயின் ஏடுகள் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. லாய் டெக்கைக் கையாண்ட கெம்பெய்த்தாய் அதிகாரி ஓனிஷி சத்தோரு, சிங்கப்பூர்ச் சீனர் படுகொலை பற்றிய 1947-ஆம் ஆண்டு விசாரணையில் ஆயுள் தண்டனை பெற்றவர். பின்னர் நாடு திரும்பி நினைவுக் குறிப்பு எழுதியவர். ஜப்பானியப் பேராசிரியர் அகாஷி யோஜி அவரைக் கண்டு விசாரித்து, 1994-ஆம் ஆண்டில் லாய் டெக்கைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். எரிந்த ஏட்டுக்குப் பதிலாக ஒரு முதியவரின் நினைவு உதவிற்று.

மலாயாவிலிருந்த ஏடுகளுக்கும் நெருப்பு நேர்ந்தது. 1957-ஆம் ஆண்டு சுதந்திரத்துக்கு முன்னதாகக் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகளில் ஏடுகள் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திற்குக் கொண்டு செல்லப்பட்டுச் சூளையில் எரிக்கப்பட்டன. 1961-ஆம் ஆண்டில் லண்டன் குடியேற்ற நாட்டு இலாகா ஒரு நெறிமுறை வகுத்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்திற்குச் சங்கடம் தரத்தக்கவை, போலீஸுக்குத் தகவல் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்கத்தக்கவை ஆகிய ஏடுகளைச் சுதந்திர அரசாங்கங்களிடம் ஒப்படைக்கலாகாது என்பது அதன் சாரம். இவ்வாறு ஒளிக்கப்பட்ட ஏடுகள் சற்றொப்ப 8,800. அவை 37 முன்னாள் குடியேற்ற நாடுகளைச் சேர்ந்தவை. ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தமை 2011-ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. கென்ய நாட்டு முதியவர்கள் சிலர் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக லண்டனில் வழக்குத் தொடுத்ததே அதற்குக் காரணம். கேட்க ஆள் இருந்தபடியால்தான் பூட்டுத் திறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கேட்போர் சந்திக்கும் தடைகள்

பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டுப் பொது ஏடுகள் சட்டம் ஐம்பது ஆண்டு விதியை ஏற்படுத்திற்று. அது 1967-இல் முப்பது ஆண்டுகளாயிற்று. 2013 முதல் படிப்படியாக இருபது ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. இவற்றுக்கு மேலாக, 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2005 ஜனவரியில் அமலுக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக இருபது வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் மறு ஆய்வு கோரலாம். அதன்பின் தகவல் ஆணையரிடமும், அடுத்து நடுவர் மன்றத்திலும் முறையிடலாம்.

வாசல் இவ்வளவு அகலமாகத் தோன்றினும், உள்ளே சில கதவுகள் குறுகலானவை. உளவுத்துறை அமைப்புகள் இச்சட்டத்திற்கு உட்பட்டவை அல்ல. அவற்றிடமிருந்து வந்த தகவலைப் பிற இலாகாக்களும் வெளியிட வேண்டியதில்லை. "அப்படி ஓர் ஏடு உண்டென்றும் சொல்லமாட்டோம், இல்லையென்றும் சொல்லமாட்டோம்" என்று பதிலளிக்கவும் இடமுண்டு. தேசியக் காப்பகத்துக்கு வந்துவிட்ட பழைய ஏடுகளைப் பொறுத்தமட்டில் இவ்விலக்கு முழுமையானதன்று. பொதுநலனை எடைபோட்ட பிறகே மறுக்க வேண்டும். ஆனால் காப்பகத்திற்கே அனுப்பாமல் இலாகா தன்னிடம் வைத்துக்கொள்ளவும் சட்டம் வழி விட்டிருக்கிறது.

மரணத்தை நிரூபிப்பது மற்றொரு சிக்கல். இறந்தவரின் ஏட்டைக் கேட்பது உயிரோடிருப்பவரின் ஏட்டைக் கேட்பதைவிட எளிது. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஒருவரைப் பற்றிய போலீஸ் ஏட்டைக் கேட்பவர், அவருடைய சம்மதத்தையோ அல்லது அவர் இறந்ததற்கான அத்தாட்சியையோ காட்டுவது வழக்கம். பிறந்து நூறாண்டு கடந்திருந்தால் இறந்தவராகவே கொள்வர். லாய் டெக்கின் விஷயத்தில் என்ன நேர்ந்தது? பிடிக்க வந்தவர்களோடு நடந்த கைகலப்பில் கழுத்து நெரிபட்டு அவர் இறந்தார் என்றும், சாக்கில் இடப்பட்ட உடல் மேனாம் ஆற்றில் எறியப்பட்டது என்றும் சின் பெங் 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதுகிறார். பொய்ப் பெயரில் வாழ்ந்து, அயல்நாட்டு ஆற்றில் மறைந்த ஒருவருக்கு மரணச் சான்றிதழை எந்த ஊரில் தேடுவது? நூறாண்டுக் கணக்கு ஒன்றுதான் அத்தகையவருக்குப் பொருந்தும்.

மரணம் நிரூபணமானாலும் ஒரு தடை எஞ்சும். இறந்தவருக்குத் தனிவாழ்வு உரிமை குறையும். ஆனால் 'இரகசியமாகத் தகவல் தந்தவர்' என்ற பாதுகாப்பு மரணத்தோடு முடிவதில்லை என்று அமெரிக்க நீதிமன்றங்கள் கூறியுள்ளன. லண்டன் போலீஸாரோ நூறாண்டுக்கு முற்பட்ட ஏடுகளிலுள்ள உளவாளிகளின் பெயர்களைக்கூட வெளியிட மறுத்து வழக்காடியிருக்கின்றனர். பிரான்சில் சட்டமே காலத்தை வரையறுத்துள்ளது: வெளியானால் ஒருவருடைய உயிர்ப் பாதுகாப்புக்கு ஊறு நேரக்கூடிய இராணுவ இரகசிய ஏடுகளுக்கு நூறு ஆண்டுகள், அல்லது அவர் இறந்ததிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகள், இவற்றுள் எது முந்துகிறதோ அது.

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் நடைமுறையிலுள்ளது. ஓர் ஏடு இரகசியமானது என்று உரிய அதிகாரி அத்தாட்சி அளித்துவிட்டால், அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க இயலாது என்ற விதி 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றின. அவை மாநில அரசாங்க ஏடுகளுக்கு உரியவை. போலீஸ் கூட்டரசு இலாகாவாதலின், அதன் ஏடுகள் அச்சட்டங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

அனுமதி கிடைப்பதாலேயே அச்சேறிவிடும் என்பதுமில்லை. அவசரகால வரலாற்றை எழுதும்படி மலாயா அரசாங்கமே ஆந்தனி ஷார்ட் என்ற பல்கலைக்கழக ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு, இரகசிய ஏடுகளையும் அவருக்குத் திறந்துவிட்டது. நூல் முடிந்த பிறகு அரசாங்கம் அதை வெளியிட மறுத்துவிட்டது. அது 1975-ஆம் ஆண்டில் லண்டனில்தான் வெளிவர முடிந்தது.

இரு தரப்பு நியாயங்கள்

மறுப்போர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. தகவல் தருகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். பெயர் ஒருநாள் வெளியாகும் என்று தெரிந்தால், நாளைக்கு எவரும் வாய் திறக்கமாட்டார். குண்டு வைப்பவனைத் தடுக்கப் போலீஸுக்கு வேறு வழி இராது. மேலும், ஒற்றனுக்கு மனைவி மக்கள் உண்டு. தந்தையின் பழியை அவர்கள் சுமப்பது முறையன்று. இவற்றை அலட்சியமாகத் தள்ளுவது நேர்மையாகாது.

ஆயினும் இவ்வாதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. லாய் டெக்கின் பெயர் ஏற்கெனவே உலகறிந்தது. அவரே தம் கட்சியினரால் கண்டுபிடிக்கப்பட்டு மடிந்தவர். முன்னாள் இரகசியப் போலீஸ் அதிகாரியான லியோன் காம்பரே அவரைப் பற்றி 2010-ஆம் ஆண்டில் விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆகவே, காப்பாற்ற வேண்டிய பெயர் இங்கே இல்லை. மறைந்து நிற்பது ஒற்றனன்று. ஒற்றனை ஏவியவர்களின் செயல். ஜப்பானியருக்கு அவர் செய்த சேவையைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் எப்போது அறிந்தனர்? அறிந்த பின்னரும் 1945-இல் அவரை மறுபடி ஏற்றுக்கொண்டது எதனால்? இவை ஒரு தனிமனிதரின் அந்தரங்கம் பற்றிய கேள்விகள் அல்ல. ஓர் அரசாங்கத்தின் பொறுப்புப் பற்றியவை.

யாருக்கு என்ன பயன்?

"பழங்கதையைக் கிளறுவதால் என்ன லாபம்?" என்று சிலர் கேட்பர். மூன்று வகையினருக்கு இதில் உரிமை உண்டு.

முதலாவது, பத்துமலையிலும் பிற இடங்களிலும் மாண்டவர்களின் குடும்பத்தார். தம் பிள்ளையையோ தமையனையோ காட்டிக்கொடுத்தவர் யார் என்றறிவது அவர்களுக்குப் பழங்கதையன்று. பத்தாங்காலியில் 1948 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட 24 பேரின் உறவினர்கள், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் லண்டன் நீதிமன்றங்களில் விசாரணை கோரி நின்றதை எண்ணிப் பார்க்கலாம். 2015-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. எனினும், பழைய விசாரணை ஏடுகள் கிடைத்ததனால், அம்மக்கள் குற்றமற்றவர்கள் என்ற செய்தி உலகின் முன் பதிவாயிற்று.

இரண்டாவது, பொய்ச் சந்தேகத்திற்கு ஆளானவர்கள். தலைவரே துரோகியாக இருக்கும் இயக்கத்தில், ஒவ்வொரு கைதுக்கும் வேறொருவர்மீது பழி விழும். போர்க்காலத்தில் 'துரோகி' என்ற ஒரு சொல்லே மரண தண்டனையாயிற்று. எந்தக் கைதுக்கு யார் காரணம் என்பதை ஏடுகள் காட்டினால்தான் நிரபராதியின் பெயர் துலங்கும்.

மூன்றாவது, தொழிலாளர்கள். போருக்குப் பின் 1945 முதல் 1948 வரை தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் எழுந்த தொழிற்சங்கங்களில் தமிழர் பெருந்தொகையினர். அச்சங்கங்கள் பலவற்றின் போக்கைப் பின்னிருந்து வகுத்தது கம்யூனிஸ்டுக் கட்சி. 1947 வரை அக்கட்சியின் போக்கை வகுத்தவர் லாய் டெக். ஆயுதத்தை ஒப்படைத்து, அமைதி வழியில் சங்கங்களை வளர்ப்போம் என்பது அக்காலத்திய கொள்கை. அது நிலைமையை உணர்ந்த தலைமை எடுத்த முடிவா, அல்லது ஒற்றனின் எசமானர்கள் விரும்பிய முடிவா? அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய முடிவுக்கும் லாய் டெக்குக்கும் நேரடித் தொடர்பு கற்பிப்பது பிழையாகும். அவர் கைதாகுமுன்பே லாய் டெக் இறந்துவிட்டார். ஆனால் கணபதியைப் போன்றோர் எத்தகைய களத்தில் நின்றனர், அக்களத்தை யார் அமைத்தனர் என்பதை அறியாமல் தோட்டத் தொழிலாளரின் சரித்திரம் முழுமை பெறாது.

இனி, ஏடு கிடைத்துவிட்டாலே உண்மை கிடைத்துவிட்டது என்றும் எண்ணலாகாது. கூலிக்குச் செய்தி விற்பவன் மிகைப்படுத்துவான். அவனை வைத்திருக்கும் அதிகாரி, தன் திறமையைக் காட்ட அதை மேலும் மெருகிடுவார். கட்சியின் அறிக்கையோ எல்லாத் தோல்விக்கும் ஒரே மனிதரைக் காரணமாக்கும். லாய் டெக்கின் வரலாற்றில் பிரெஞ்சுத் தொடர்பு, பிரிட்டிஷ் தொடர்பு, கெம்பெய்த்தாய்க் கைது, பத்துமலைத் துரோகம் ஆகியவற்றில் பல தரப்புச் சான்றுகளும் ஒத்து நிற்கின்றன. இயற்பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு சென்ற பணம் ஆகியவற்றில் அவை மாறுபடுகின்றன. ஒத்தவற்றைக் கொண்டு, மாறுபட்டவற்றை மாறுபட்டனவாகவே குறித்து வைப்பதுதான் முறை.

ஏடுகளைக் கேட்க விரும்பும் இளைஞர்கள் சில விதிகளை மனத்திற் கொள்ளல் நலம். மனிதரின் பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். எல்லாப் புனைபெயர்களையும், ஆண்டுகளையும், இலாகாவையும், இயன்றால் ஏட்டின் எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஓர் ஏட்டில் சில தாள்கள் நீக்கப்பட்டிருந்தால், நீக்கிய தாள்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் மறுப்பை முடிவான மறுப்பாகக் கொள்ளாமல் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு நாட்டில் மூடிய செய்தி மற்றொரு நாட்டில் திறந்திருக்கலாம். பிரெஞ்சு, ஜப்பானிய, சீன மொழிகளில் ஒன்றையேனும் கற்றவர்கள் இதில் வெகுதூரம் செல்வர். இவற்றோடு, முதியவர்களின் நினைவுகளை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

இரகசியம் தேவைப்படும் காலம் உண்டு. அக்காலம் முடிவதும் உண்டு. எந்தத் தேதியில் அது முடிகிறது என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுத்தால் அரசாங்கத்திற்கும் மதிப்பு, குடிமக்களுக்கும் நன்மை. அவ்வாறு வரையறுக்காமல், கேட்பவர்கள் அனைவரும் இறக்கும்வரை ஏட்டைப் பூட்டி வைத்தால், காப்பாற்றப்படுவது ஒற்றனின் உயிரன்று; அவனைக் கொண்டு செய்த காரியங்களுக்குப் பதில் சொல்லாமல் தப்பும் வசதியே.